கம்பெனி ரேட்டா, கடை ரேட்டா?

பி.எட். பரீட்சையில் 'வேறுபடுத்திக் கற்பித்தல்' பற்றி ஒரு கட்டுரைக் கேள்வி வந்தது. அடிஷனல் ஷீட் வாங்கி எழுதினேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அவரவர் நிற்கும் இடத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும், அதைச் செய்யாத ஆசிரியர் சமூக ஏற்றத்தாழ்வுக்குத் துணைபோகிறார் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். மார்க்கும் தாராளமாக விழுந்தது. அன்றைய தேதி வரை நான் ஒரு குழந்தைக்குக்கூட 'அ' சொல்லிக் கொடுத்ததில்லை.

இந்த விஷயத்தில் பெரிய பெயர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கரோல் ஆன் டாம்லின்சன். 1995-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியவர். சொல்லிக் கொடுக்கிற விஷயம், சொல்லிக் கொடுக்கிற விதம், பிள்ளை கற்றதைச் செய்து காட்டுகிற விதம், வகுப்பறைச் சூழல் ஆகிய நாலையும் பிள்ளைக்குத் தக்கபடி மாற்றலாம் என்பார். நாலையும் பச்சை ஸ்கெட்சில் அடிக்கோடு போட்டு எழுதினேன். அந்த அம்மா பேராசிரியை ஆவதற்கு முன் 20 வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் என்ற தகவலும் நோட்ஸில் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் கொரோனா வந்தது. 'டெட் எக்ஸாமுக்குப் படிக்கிறேன்' என்று ஊரில் சொல்லிக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடந்தேன். ஊர் என்றால் ஏழாயிரம்பண்ணை. கட்டபொம்மன் காலத்தில் பாளையமாக இருந்த ஊர், இன்றைக்கு வெம்பக்கோட்டைத் தாலுகா. வெளியூர்க்காரர்களுக்கு சிவகாசிப் பக்கம் என்று சொன்னால்தான் புரியும். எங்களுக்கு வேலை என்றால் வெடி ஆபீஸ், இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். இரண்டுக்கும் போகாமல் பகலில் படுத்திருக்கிற பட்டதாரியை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

அந்த நேரத்தில்தான், கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் தொடங்கி வைத்தார். கொஞ்ச நாளில் எங்கள் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் 7 மணிக்குள் வகுப்பு, ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சமுதாயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் சேர்ந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். ரீசார்ஜுக்கு அம்மாவிடம் கையேந்த முடியவில்லை என்று உங்களிடம் சொல்கிறேன்.

முதல் நாள் இருபது பேருக்கும் ஒரே பாடம் நடத்தினேன். எல்லாரையும் ஒண்ணுபோல நடத்துவதுதானே நியாயம்? காமராஜர் ஜெயித்த சாத்தூர்த் தொகுதிப் பக்கத்துக்காரி, பிள்ளைகளுக்குள் பாகுபாடு பார்க்கலாமா? அவர் மதிய உணவு கொடுத்தது எல்லாருக்கும்தானே? இதை என் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். மத்திய அரசின் மதிய உணவுக் கணக்கிலேயே தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 150 கிராம் அரிசி என்று பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள் என்றான். சமையலம்மாவுக்குத் தெரிந்தது பி.எட். படித்தவளுக்குத் தெரியாமல் போயிற்று.

பாடம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பின் வாசலை மிதித்ததே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தன் பெயரையே தடவித் தடவி எழுதினான். அவன் தங்கச்சி, இரண்டாம் வகுப்பு, தினத்தந்தியில் ராசிபலன் வாசித்தாள். எனக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம் என்றும் அவள்தான் சொன்னாள்.

சரி, எழுதிய கட்டுரையைச் செயலில் காட்டிவிடுவோம் என்று பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தேன். எழுத்தே தெரியாதவர்கள், எழுத்துக் கூட்டுபவர்கள், சரளமாக வாசிப்பவர்கள். ஏ, பி, சி என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் மனம் நோகும் என்று பி.எட்.டில் படித்திருக்கிறேன். ஆகவே மண்ணின் மணம் கமழ, ராக்கெட், சங்குசக்கரம், புஸ்வாணம் என்று வைத்தேன்.

எழுத்துத் தெரியாத குழுவுக்குப் புஸ்வாணம் என்று பெயர் வைத்த ஒரே ஆசிரியை தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். மறுநாளே அந்தக் குழு உட்காருகிற பாய்க்கு 'புஸ்ஸு பாய்' என்று பெயர் விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு, வெடி ஆபீஸுக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருத்தன் மூன்று அயிட்டத்துக்கும் பெட்டி ரேட் சொல்லி எது உசத்தி, எது மட்டம் என்று விளக்கினான். எங்கள் ஊரில் பெயர் என்ற ஒன்று இருந்தால் விலை என்ற ஒன்றும் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

தம்பி இதையும் கேட்டுச் சிரித்தான். அவன் சிரிக்க உரிமை உள்ளவன். செயல்வழிக் கற்றலில் படித்தவன். 2003-ல் எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 பள்ளிகளில் ஆரம்பித்தது அது. ஆந்திரத்து ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளின் அட்டை முறைதான் அதற்கு மூலம். வேலூரில் கலெக்டராக இருந்தபோது, கொத்தடிமையிலிருந்து மீட்ட பிள்ளைகளின் பள்ளிகளிலேயே அவர் அதைப் பார்த்துவிட்டார். 2007-08ல் தமிழ்நாடு முழுக்க வந்தது. சுவரில் ஏணிப் படம், பிள்ளைக்கொரு அட்டை, கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. அவனவன் தன் படியில் ஏறுவான். வராதவன் விட்ட படியிலிருந்தே தொடங்குவான். ஆசிரியர் முழுசாகக் கூட இருக்கிற குழு, பாதி உதவுகிற குழு, கூட்டாளி சொல்லித் தருகிற குழு என்று ஆறு குழு.

அப்போது நான் மேல்வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தம்பி பாயில் படுத்துக்கொண்டு அட்டை அடுக்கினான். எங்கள் தாத்தா ஒருநாள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வாத்தியாரே தரையில உக்காந்திருக்காரு. இது வெளங்குமா?" என்றார். விளங்கிய தம்பி இன்றைக்கு வேலையில் இருக்கிறான். மனப்பாடம் செய்த நான் அவனிடம் ஸெராக்ஸுக்குக் காசு கேட்கிறேன்.

குழுப் பெயர் விவகாரத்தில் எனக்கு ஒரு ஆறுதல் பின்னால் வந்தது. 2022 ஜூனில் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்து, நிலைக்கேற்ற பயிற்சி. எத்தனை அழகான பெயர், யார் மனமும் நோகாது என்று பொறாமைப்பட்டேன். பூக்கட்டுகிற மதினி ஒருவர் என்னை வழிமறித்து, "எம் பையன் மொட்டாம்ல?" என்றார். அவசரமாக ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "நல்லதுதான? மார்க்கெட்ல மொட்டுக்குத்தான விலை. மலந்து போனா எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை. மல்லிகையைப் பற்றி அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது?

அடுத்த தவறு கொஞ்சம் செலவு பிடித்தது. மூன்று குழுவுக்கும் மூன்று விதமான ஒர்க்ஷீட் தயாரித்தேன். ராத்திரி உட்கார்ந்து யானை வரைந்தேன். பிள்ளைகள் அதைப் பன்றி என்று வாசித்துப் 'ப' எழுதினார்கள். மாசக் கடைசியில் ஸெராக்ஸ் கடை அண்ணன் கணக்குச் சொன்னார். அரசு கொடுத்த ஆயிரமும் போய், மேற்கொண்டு கடன் நின்றது. கல்விக்காகச் சம்பளத்தை முழுசாகச் செலவழித்த தியாகி என்று வெளியில் பேச்சு. பென்சிலால் நோட்டிலேயே ஆளுக்கொரு கணக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கஷ்டமான கணக்கை நான் ஆறு மணிக்கு வைத்திருந்தேன். காரணம், அந்த நேரத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அமைதி ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. ஆறு மணி வாக்கில் வெடி ஆபீஸ் வேன் வரும். ஹாரன் கேட்டதும் ஏழெட்டுப் பிள்ளைகள் நோட்டைப் போட்டது போட்டபடி ஓடிவிடும். அவர்கள் கழுத்தில்தான் வீட்டுச் சாவி தொங்கும். அம்மா வந்து இறங்கும்போது வாசலில் நிற்க வேண்டும். வருகைப் பதிவில் அவர்கள் பெயருக்கு நேரே 'கவனச்சிதறல்' என்று எழுதி வைத்தேன். பி.எட்.டில் கற்ற சொல்.

2021 பிப்ரவரி 12-ல் பக்கத்து அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் வேன் ஹாரன் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெறும் ஹாரன் இல்லை. அதே தெருவில் குடியிருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஹாரன் கேட்டால் நானும்தான் எட்டிப் பார்ப்பேன். ஆனால் டைம்டேபிள் போடும்போது நான் தெருவில் இல்லை, பி.எட். நோட்ஸில் இருந்தேன்.

ஆக, கணக்கு யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் போன பிறகு, தேவையில்லாதவர்களுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாதான் கண்டுபிடித்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விடியும் முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகுமாம். "அப்பயும் பள்ளிக்கூடத்துல எங்க பேரு இருந்துச்சு. வாத்தியாரு எங்களையும் ஆர்வமில்லன்னுதான் எழுதியிருப்பாரு" என்றார்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 1988-ல் மத்திய அரசின் சிறப்புப் பள்ளித் திட்டம் தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றது எங்கள் பகுதிதான். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய வழக்கு அது. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தீர்ப்பு வரும்போது எனக்குக் கல்யாணமே ஆயிருச்சு. கொஞ்சம் வெரசா சொல்லியிருக்கலாம்" என்றார்.

கணக்கை ஐந்து மணிக்கு மாற்றினேன். கவனச்சிதறல் பாதி குறைந்துவிட்டது. மீதி என்னுடையது.

அப்போதுதான் அந்தத் தீப்பெட்டிக் கணக்கு. 2021 டிசம்பர் 1-ஆம் தேதி, 14 வருஷத்துக்கப்புறம் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. சூழல் சார்ந்த கற்பித்தல் செய்கிறேன் பேர்வழி என்று போர்டில் எழுதினேன்: ஒரு தீப்பெட்டி 2 ரூபாய். 600 தீப்பெட்டி என்ன விலை?

தன் பெயரைத் தடவி எழுதுகிற அந்த ஐந்தாம் வகுப்புக்காரன் முதலில் கையைத் தூக்கினான். "நானூத்தம்பது வரும்க்கா." தப்பு என்றேன். "கூடப்போனா நானூத்தி எம்பது." இன்னும் தப்பு என்று சொல்லி, பெருக்கல் தெரியாதவர்கள் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தேன். அவன் பெருந்தன்மையாகக் கேட்டான்: "நீங்க கேக்குறது கம்பெனி ரேட்டா, கடை ரேட்டா?"

600 பெட்டி என்பது ஒரு பண்டல். 270, 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த பண்டலை 430-லிருந்து 480 வரை ஏற்றப் போகிறார்கள் என்று பேப்பரிலேயே வந்திருந்தது. பையன் சொன்னது அந்த நாள் நிலவரம். என் விடை 1,200. அந்த விலைக்குப் பண்டல் விற்றால் ஏழாயிரம்பண்ணையில் எல்லாரும் கார் வைத்திருப்போம்.

நீங்கள் இந்த இடத்தில் 'ஆகா, அந்தப் பையன் அல்லவா உண்மையான மேதை' என்று நெகிழ்ந்தால், நானும் அப்படித்தான் நெகிழ்ந்தேன். நெகிழ்ந்து கெட்டேன். அதே பையனிடம் 34-ஐ 6-ஆல் பெருக்கச் சொன்னால் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். 2025-ல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வியாபாரக் கணக்கை மனசிலேயே போடுகிறார்கள், அதே கணக்கைப் புத்தக வடிவில் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நேர்மாறு. இரண்டு பக்கமும் கரை இருக்கிறது, பாலம்தான் இல்லை. அந்தப் பாலத்தைக் கட்டத்தான் எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அது ஸெராக்ஸுக்குப் போய்விட்டது என்று ஏற்கெனவே சொன்னேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றிலிருந்து கூட்டல், கழித்தல், பின்னம் எல்லாவற்றையும் தீப்பெட்டியாக்கினேன். குச்சியை எண்ணு, பண்டலைப் பிரி, லேபிளை ஒட்டு, மீதி சொல். அச்சடித்து வந்த தாளில், பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாவது மாடியிலிருந்து ஐந்து மாடி ஏறி இரண்டு மாடி இறங்கினால் எங்கே நிற்கும் என்று ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊரில் லிஃப்ட் ஏது, மெட்ராஸ்காரர்கள் ஏசியில் உட்கார்ந்து எழுதியது என்று திட்டிக்கொண்டே சிவப்புப் பேனாவால் அடித்தேன். அடிக்கும்போது கல்விப் புரட்சி செய்கிற உணர்வு இருந்தது.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அடித்த கணக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதக் குடுங்க."

"அது நமக்கு வேண்டாம் தாயி. நம்ம தீப்பெட்டிக் கணக்கு போடுவோம்."

"எப்பப் பாத்தாலும் தீப்பெட்டிதானா? வீட்லயும் அதத்தான் ஒட்டுறாங்க."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று படித்துவிட்டு, தெரிந்ததிலேயே பிள்ளைகளைப் பூட்டி வைத்திருந்தேன். மெட்ராஸ்காரர்கள் கொடுத்த லிஃப்டைப் பிடுங்கி வைத்தவள் நான்தான்.

சாக்பீஸால் தரையில் பத்து மாடி வரைந்தோம். வாசிக்கத் தெரிந்தவள் கணக்கை உரக்க வாசித்தாள். வாசிக்கத் தெரியாதவன் கோட்டில் ஏறி இறங்கினான். கம்பெனி ரேட் பையன், நடுவில் கரண்ட் போனால் கணக்கு மாறுமா என்று கேட்டான். ஒரே கணக்கு, ஆளுக்கொரு வழி. விடை ஆறு என்று கடைசியில் எல்லாரும் சொன்னார்கள். நான் ஏழு என்றேன். தரைத்தளத்தையும் ஒரு மாடியாக எண்ணிவிட்டேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்டில் எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் படியேறிப் போனவள் நான். அதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தக் காலத்தை அளந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டதாம். திரும்பி வந்ததில் கிட்டத்தட்ட கால்வாசி இல்லம் தேடிக் கல்வியால் வந்ததாம். அந்தக் கால்வாசியை உண்டாக்கிய தன்னார்வலர்கள் நிச்சயமாக எங்கேயோ இருக்கிறார்கள். அவர்கள் சராசரியைக் கீழே இழுத்தவளும் இருக்கிறாள் என்பதை ஆய்வாளர்கள் கண்ணியமாகக் குறிப்பிடவில்லை.

நீங்களும் சாயங்காலத்தில் நாலு பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் என் பி.எட். நோட்ஸ் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் படிப்பதற்கு முன்னால் உங்கள் தெருவுக்கு வேன் எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். ஸெராக்ஸ் கடையில் அக்கவுண்ட் வைக்காதீர்கள்.